நவம்பர் 15ஐயும் சேர்த்து எண்ணுவோம்: 1948ஆம் ஆண்டின் கதை

(ஹட்டனில் நவம்பர் 15 அன்று தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், இளைஞர்களுக்காக நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பேச்சைத் தொடங்குமுன் இளைஞர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டோம். பெப்ரவரி 4 என்ன நாள் என்றோம். ஒரே குரலில் பதில் வந்தது: சுதந்திர தினம். நவம்பர் 15 என்ன நாள் என்றோம். மண்டபம் அமைதியாகிவிட்டது. அது உங்கள் குற்றம் அல்ல. பெப்ரவரி 4இல் கொடி ஏற்றுகிறார்கள், பாடசாலையில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கிறார்கள். நவம்பர் 15க்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. நம்மிடமிருந்து எடுத்த நாள் அது.

இரண்டு நாட்களும் ஒரே ஆண்டில் வந்தவை. 1948. அந்த ஆண்டில் இந்த நாட்டில் அரசியல் நடந்தது, விளையாட்டு நடந்தது, புதுப் படங்கள் வந்தன. ஒரு நாடு புதிதாக எழுந்து நிற்கும்போது இருக்கும் குதூகலமெல்லாம் இருந்தது. அந்த ஆண்டை மாதம் மாதமாக இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறோம்.

முதலில், அந்த ஆண்டு பிறந்தபோது நாம் எந்த நிலையில் நின்றோம்? 1931இல் இந்த நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. நம்மவர்களுக்கு நிபந்தனைகளோடுதான் கொடுத்தார்கள். ஆனாலும் வாக்கு வந்தது. அதே 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென முதல் தொழிற்சங்கத்தை அமைத்தார். அவர் எழுத்தாலும் பேச்சாலும் போராடினார். அவரது துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் துன்பத்தைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் பாடினார். எழுத்துத் தெரியாத நம் பாட்டிமார் அரசியலைப் பாட்டாகத்தான் கேட்டார்கள். 1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். இத்தனையும் நடந்த பிறகு 1947 பொதுத் தேர்தல் வந்தது. நம் மக்களின் வாக்கால் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், பதுளையில் சுப்பையா, அளுத்நுவரவில் இராமானுஜம். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்கள் வெற்றி பெறவும் நம் வாக்குகள் கைகொடுத்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் இங்கேதான் இருக்கிறது.

நடேசய்யர் 1947 நவம்பரில் கண்ணை மூடினார். டிசம்பரில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க டெல்லிக்குப் போய் நேருவோடு நம்மைப் பற்றிப் பேசினார். உடன்பாடு வரவில்லை. நம்மைப் பற்றி இரண்டு அரசாங்கங்கள் பேசின. நம்மிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

1948 பிறந்தது. ஜனவரி 30இல் காந்தியடிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் 1927இல் இலங்கைக்கு வந்தவர். அவர் படம் மாட்டாத லயக் காம்பரா அந்தக் காலத்தில் குறைவு. அந்தத் துக்கம் ஆறுமுன், ஐந்தாம் நாள், பெப்ரவரி 4, புதன்கிழமை, இலங்கைக்குச் சுதந்திரம். சிங்கக் கொடி ஏறியது. ஆங்கிலேயன் போனான் என்பதில் நமக்கும் மகிழ்ச்சிதான். ஏனென்றால் அவன் துரைத்தனத்தை முதுகில் தாங்கியவர்கள் நாம். நாட்டுக்கு வெளியிலிருந்து பணம் கொண்டுவந்த பொருள்களில் முதலிடம் தேயிலைக்கு. ஆகவே அந்தக் கொடிக் கம்பத்தை நட்டதில் நம் கையும் உண்டு என்று நம்மவர்கள் நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் தவறு என்ன?

மார்ச் மாதம் ஒரு வேடிக்கை நடந்தது. தம்பிமாருக்குப் பிடிக்கும். டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கொழும்பில் இறங்கி, மார்ச் 27இல் ஓவல் மைதானத்தில் ஒருநாள் ஆட்டம் ஆடியது. இலங்கை அணிக்குத் தலைவர் மகாதேவா சதாசிவம். பிரட்மன் 20 ஓட்டம் எடுத்தார். ஆனால் அவுஸ்திரேலியப் பந்துவீச்சாளர்களுக்குச் சந்தேகம் வந்து ஆடுகளத்தை அளந்து பார்த்தால், 22 யார் இருக்க வேண்டிய இடத்தில் 20 யார்தான் இருந்தது. உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் வந்து நிற்கும் இடத்தில் அளவு பிழை! அளவுப் பிழை என்றால் என்ன என்று கொழுந்து மடுவத்தில் நிற்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் விளையாட்டில் அளவு பிழைத்தால் நாடா பிடித்து அளக்கலாம், சிரித்துவிட்டுப் போகலாம். சட்டத்தில் அளவை வேண்டுமென்றே மாற்றி வைத்தால் என்ன செய்வது? அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டுக்கு நாலு நாள் முன்பு, சென்னையில் எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' வெளிவந்தது. முரசுகளின் மேல் நின்று ஆடும் நடனத்தை இன்றைக்கும் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் சிங்களப் பேசும்படம் 1947இல் வந்தது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். எடுத்த இடம் மதுரை. சிங்களச் சகோதரர்கள் தங்கள் மொழியை முதன்முதலாகத் திரையில் கேட்டு மகிழ்ந்த படம் தமிழ்நாட்டு ஸ்டூடியோவில் பிறந்தது. கலை இப்படித்தான் கடலைத் தாண்டிப் போகும், வரும். அதை யாரும் அந்நியம் என்று திருப்பி அனுப்பவில்லை. நம் தோட்டங்களிலும் காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் வருடம் தவறாமல் நடந்துகொண்டுதான் இருந்தன. மூன்று நான்கு தலைமுறை இந்த மண்ணிலேயே ஆடிய கூத்து அது.

இனி ஜூலை. லண்டனில் ஒலிம்பிக். இலங்கை ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது அதுவே முதல் தடவை. யுத்தம் முடிந்து மூன்று வருடமாகியும் லண்டனில் சாப்பாட்டுக்குப் பங்கீடு. தேயிலைக்கும் பங்கீடுதான். அந்த நகரத்தில் ஜூலை 31இல், கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த டங்கன் வைட் 400 மீற்றர் தடை ஓட்டத்தில் 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். சுதந்திரம் கிடைத்து ஆறு மாதம் ஆகவில்லை, உலகமே இலங்கையின் பெயரைக் கேட்டது. அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 2000ஆம் ஆண்டில் சுசந்திகா ஜயசிங்க வரும்வரை 52 வருடம் இந்த நாடு காத்திருந்தது என்றால், அந்த ஓட்டத்தின் பெருமையை நினைத்துப் பாருங்கள். ஓகஸ்ட் 12இல் இந்திய ஹொக்கி அணி அதே லண்டனில் பிரித்தானியாவை 4க்கு 0 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியது. நேற்றுவரை ஆண்டவனை அவன் வீட்டிலேயே வென்ற ஆட்டம்.

டங்கன் வைட் ஓடி முடித்து இருபதாம் நாள், ஓகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை. இலங்கைப் பாராளுமன்றத்தில் பிரஜாவுரிமைச் சட்டமூலம் நிறைவேறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம்.

அந்தச் சட்டம் என்ன சொன்னது? நம் பாஷையில் சொல்லுகிறோம். நீ இலங்கையில் பிறந்தவன் என்றால் மட்டும் போதாது. உன் அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும், அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்க வேண்டும். கவனியுங்கள், அம்மா எங்கே பிறந்தாள் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. விடியற்காலை பிரட்டுக் களத்தில் நின்று, மலையேறி, கூடை சுமந்து, பிள்ளையைக் காம்பராவில் பெற்றெடுத்த தாய்க்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. நாட்டுக்குப் பெரும் சேவை செய்தவர் என்று சொல்லிப் பதிவு செய்யவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வருடத்துக்கு 25 பேருக்கு மேல் இல்லை! காட்டை அழித்துத் தேயிலை நட்டதும், பாதை வெட்டியதும், ரயில் பாதை போட்டதும் அந்தச் சேவைக் கணக்கில் வரவில்லை.

பாட்டன் பிறந்த பத்திரத்தை எந்தச் சமூகத்திடம் கேட்டாலும் எத்தனை பேர் எடுத்துக் காட்டுவார்கள்? ஆனால் மற்றவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நம்மிடம் கேட்டார்கள். நம் முன்னோர் கையில் இருந்ததெல்லாம் துண்டு ஒன்றுதான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக, கடன் தீர்ந்தது என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு. அந்தக் காகிதம் நம்மைக் கட்டிப்போட இருந்தது. உரிமை கேட்கப் போகும்போது காட்டக்கூடிய காகிதம் நம்மிடம் இல்லை.

இதை எதிர்த்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். நம் ஏழு பேரும் எதிர்த்தார்கள். என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீட்டர் கெனமன் போன்ற இடதுசாரிகள் எதிர்த்தார்கள். செல்வநாயகம் எதிர்த்தார். இதை இளைஞர்கள் மறக்கக் கூடாது. சிங்களவர் எல்லோரும் நமக்கு எதிராக நின்றார்கள் என்று யாராவது சொன்னால் அது சரித்திரம் அல்ல. தமிழர் எல்லோரும் நம் பக்கம் நின்றார்கள் என்று சொன்னால் அதுவும் சரித்திரம் அல்ல. செப்டெம்பரில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அதே அரசாங்கத்தில் அமைச்சரானார். அந்தப் பிளவிலிருந்துதான் செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். யார் எந்த மொழி பேசுகிறார் என்று பார்த்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் கை தூக்குகிறார் என்றும் பார்க்க வேண்டும். 1948 கற்றுத்தந்த பாடங்களில் அதுவும் ஒன்று.

நவம்பர் 15இல் சட்டம் அமுலுக்கு வந்தது. திங்கட்கிழமை. வழக்கம்போலத்தான் பிரட்டுக்கு ஆள் கூடியிருக்கும். பேர் போட்டிருப்பார்கள். கொழுந்து நிறுத்திருப்பார்கள். காலையில் மலைக்குப் போனவர்கள் மாலையில் லயத்துக்குத் திரும்பினார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு இப்போது நாடு இல்லை. சுதந்திரம் கிடைத்து 285 நாள். சுமார் 7 லட்சம் பேர். 1946 சனத்தொகைக் கணக்கெடுப்பில் நாம் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர், நாட்டில் நூற்றுக்குப் பதினொன்றுக்கும் மேல். இத்தனை பேரை ஒரு துப்பாக்கிக் குண்டும் இல்லாமல் ஒரு சட்டம் வெளியே தள்ளியது.

அந்த ஆண்டுக்கு இன்னும் ஒரு மாதம் மிச்சம் இருந்தது. டிசம்பர் 10இல் பரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் 15ஆம் உறுப்புரை சொல்வது, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நாட்டின் பிரஜையாக இருக்கும் உரிமை உண்டு என்பது. நம் பிரஜாவுரிமை போய் 25 நாள்தான் ஆகியிருந்தது. இலங்கை அப்போது அந்தச் சபையில் உறுப்பு நாடு அல்ல. 1955இல்தான் சேர்ந்தது. உலகம் எழுதிவைத்த நியாயம் நம் லயத்துக்கு வந்துசேர எத்தனை வருடம் ஆனது பாருங்கள்.

1949இல் வாக்குரிமையும் போனது. அதே ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. கலியாணம் ஆனவர்கள் 7 வருடம், ஆகாதவர்கள் 10 வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபித்து, இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே நம் பக்கத்துத் தவறையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முதலில் விண்ணப்பிக்காமல் புறக்கணிப்பது என்று இருந்தோம். பிறகு முடிவை மாற்றினோம். கெடு முடியும் வேளையில்தான் பெருந்தொகையான விண்ணப்பங்கள் குவிந்தன. 8 லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பித்தோம். கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1952இல் சத்தியாக்கிரகம் இருந்தோம். அந்தத் தேர்தலில் நமக்கென ஒருவரும் பாராளுமன்றம் போகவில்லை. ஏழாக இருந்தது பூச்சியம் ஆனது. ஏன் இந்தச் சட்டம் வந்தது என்ற கேள்விக்கு அந்த இரண்டு எண்களே பதில்.

1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே என்று இரண்டு தலைவர்கள் பங்கு பிரித்தார்கள். எந்தக் குடும்பத்தில் அண்ணன் போனார், தம்பி இருந்தார் என்று இந்த மண்டபத்திலேயே கேட்டால் கை தூக்குபவர்கள் பலர் இருப்பார்கள். உலகத்துக்கே தெரிந்த முத்தையா முரளிதரனின் குடும்பமும் அப்படித்தான் கடலுக்கு இரு பக்கமும் பிரிந்தது. அவருடைய தாத்தா 1920இல் தேயிலைத் தோட்டத்து வேலைக்கு இங்கே வந்தவர். பிறகு மகள்மாரோடு ஊர் திரும்பித் திருச்சியில் வாழ்ந்தார். மகன்மார் இங்கேயே இருந்தார்கள். அந்த மகன்மாரில் ஒருவருக்குப் பிறந்த பிள்ளைதான் இலங்கைக்காக 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். இந்த நாட்டின் பெருமையில் நமக்குப் பங்கு உண்டா என்று கேட்பவர்களுக்கு அது ஒன்றே போதும்.

1977இல் தொண்டமான் மறுபடியும் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனார். 1988இல் ஒரு சட்டம், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் என்று வந்து, கடைசியாக நாடற்றவர் என்ற பெயர் நீங்கியது. 1948இலிருந்து 55 வருடம். அன்று பிறந்த பிள்ளை பேரன் பேத்தி எடுத்த பிறகு.

தோழர்களே, இந்தக் கதையை அழுவதற்காகச் சொல்லவில்லை. சட்டம் நம்மைத் தள்ளிவைக்கவே எழுதப்பட்டது. பத்திரம் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் கதவு கொஞ்சம் திறந்த ஒவ்வொரு முறையும், கையில் காகிதம் இருந்தவர் உள்ளே போனார், இல்லாதவர் வெளியே நின்றார். இன்றைக்கும் அப்படித்தான்.

போன மாதம் ஒரு தோட்டத்தில் ஒரு அக்கா தன் பத்திரங்களைக் கொண்டுவந்து காட்டினார். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதி அட்டையில் இன்னொரு பெயர். முப்பது வருடம் கொழுந்து பறித்த பணத்தை எடுக்க, நான்தான் இந்த மூன்று பேரும் என்று அவர் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு டிவிஷனில் ஒரு தம்பிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்ட முகவரிக்கு வந்து கிடந்து, நாள் கடந்த பிறகு கையில் கிடைத்தது. லயத்துக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை. முகவரி இல்லாத பிரஜை பாதிப் பிரஜை.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று வேலைகளை இந்த வருடம் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

ஒன்று, டிவிஷனில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் காலம் தாழ்த்தாமல் பதிவு செய்ய வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததும் அப்பா பெயர், அம்மா பெயர், பிள்ளை பெயர் மூன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் அன்றே திருத்தக் கேட்க வேண்டும். மாதர் சங்கத் தலைவிகள் இதைப் பொறுப்பெடுத்தால் நடக்கும் என்ற நம்பிக்கை எங்களுக்கு உண்டு.

இரண்டு, வாக்காளர் இடாப்புத் திருத்தத்துக்கு கிராம உத்தியோகத்தர் படிவம் தரும்போது, லயம் லயமாகப் போய் 18 வயதான ஒவ்வொருவர் பெயரும் ஏறியிருக்கிறதா என்று இளைஞர்கள் பார்க்க வேண்டும். கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயரையும் கேட்டுப் பாருங்கள். இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் போவது அவர்கள்தான். 1947இல் நமக்கு இருந்த பலம் அந்த இடாப்பில்தான் இருந்தது. 1949இல் பறித்ததும் அதைத்தான்.

மூன்று, வீடும் காணியும். உறுதிப் பத்திரம் இல்லாத வீடு, துரை எழுதிய துண்டு போலத்தான். காணி என்று வாக்குறுதி தருபவர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், உறுதி எங்கே, அதில் மனைவியின் பெயரும் உண்டா, வீட்டுக்கு இலக்கம் எப்போது என்று கேளுங்கள். 1948இல் அம்மாவைக் கணக்கில் எடுக்கவில்லை. இனி எந்தப் பத்திரத்திலும் அவளை விட்டுவிட நாம் சம்மதிக்கக் கூடாது.

வருகிற பெப்ரவரி 4இல் பாடசாலையில் கொடி ஏறும்போது நம் பிள்ளைகளும் நிமிர்ந்து நிற்கட்டும். டங்கன் வைட்டின் ஓட்டத்தைச் சொல்லிக் கொடுங்கள், அது நம் நாட்டின் பெருமை. அதே பிள்ளைக்கு அந்த வருடத்து நவம்பர் 15இன் கதையையும் சொல்லிக் கொடுங்கள், அதுவும் இந்த நாட்டின் சரித்திரம்தான். இரண்டையும் தெரிந்த பிள்ளையை நாளைக்கு யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

வீட்டுக்குப் போனதும் இன்று ஒரு வேலை செய்யுங்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பத்திரங்களை எடுத்துப் பெயர்களைப் பாருங்கள். பிழை இருந்தால் நாளைக்கே தலைவரிடம் கொண்டுவாருங்கள்.